ஹாஜியார் கிணறு

பெட்டியில் பணம் இல்லை என்ற பேச்சு கௌகப்பின் வாயிலிருந்துதான் முதலில் கிளம்பியது.

எங்கள் ஊர் நௌபாக்கில் பெட்டி என்று சொன்னால் வட்டியில்லாக் கடன் நிதி என்று அர்த்தம். பலகையில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருக்கும். அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கடைத்தெருவில் ரொட்டிக்கடைக்கும் பம்பு பழுதுபார்க்கும் கடைக்கும் நடுவில் ஒற்றை அறை. கம்பி போட்ட ஜன்னல், ஒரு மேசை, சுழலும்போது கிறீச்சிடும் மின்விசிறி. பிஸ்தாக் கொட்டகையில் வேலை பார்க்கிற பெண்கள் கூலியில் மிச்சம் பிடித்ததை அந்த ஜன்னல் வழியாக நீட்டுவார்கள். தோட்டக்காரர்கள் அதே ஜன்னல் வழியாக உரத்துக்கும் பம்புக்கும் கடன் வாங்குவார்கள். கெர்மான் நகரத்தில் இருக்கிற பெரிய வங்கிகளின் வாசலில் எங்களைப் பார்த்தாலே காவல்காரன் முகத்தைச் சுளிப்பான். பெட்டியில் அப்படி இல்லை. அங்கே மேலாளர் யதுல்லா எழுந்து நின்று ஸலாம் சொல்வான், தேநீர் வரவழைப்பான். அதனாலேயே ஊர் அதை நம்பியது.

கௌகப்பின் மகளுக்குக் கல்யாணம் குதிர்ந்திருந்தது. ஃபிரிட்ஜும் கம்பளமும் வாங்கக் கையில் பணம் வேண்டும். வசந்தத்திலிருந்தே பெட்டிக்கு நடையாய் நடந்தாள். போகும்போதெல்லாம் யதுல்லா தேநீர் கொடுத்து, "அடுத்த வாரம் வாங்கக்கா" என்றான். கடைசி முறை தேநீரும் வரவில்லை. அவள் நேராகக் கொட்டகைக்கு வந்து குறட்டைத் தூக்கிச் சாக்கின்மேல் எறிந்தாள். வாய் திறக்காத பிஸ்தாவைக் குறட்டில் இடுக்கி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னடி, கல்யாணப் பொண்ணோட அம்மா மூஞ்சியா இது?" என்றாள் பக்கத்தில் இருந்த நிகார்.

"என் மூஞ்சிய விடு. உன் பணம் பெட்டில கெடக்குல்ல?"

"கெடக்கு. அதுக்கென்ன?"

"கெடக்கான்னு போய்ப் பாரு. எனக்கு அடுத்த வாரம்ங்கிறான். அடுத்த வாரம் போனா அதுக்கடுத்த வாரம்ங்கிறான். இருந்தா எடுத்துக் கொடுக்க என்ன நோவு?"

நிகார் மடியில் கிடந்த பருப்பைக் கூடையில் தட்டிவிட்டு எழுந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் எழுந்தார்கள்.

அன்று பிற்பகலில் பெட்டியின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரே நின்றது. முன்னால் நின்ற சிலருக்கு யதுல்லா கொடுத்தான். பிறகு ஷட்டரை இறக்கினான். கல் ஒன்று பறந்து பலகையில் விழுந்தது.

மறுநாள் ஹாஜி சலாரி வந்தார். பெட்டியின் தலைவர் அவர். ஊரிலேயே பெரிய தோட்டம் அவருடையது. மசூதிக்குக் கூரை போட்டவர், முஹர்ரம் மாதத்தில் ஊருக்கே ஆட்டிறைச்சிச் சோறு போடுகிறவர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"எதுக்கும்மா கல்லெறியுறீங்க?" என்றார். "பெட்டி நம்ம எல்லாருதும்தான். சந்தேகம் இருந்தா சோதிச்சுப் பாருங்க. நீங்களே ஒருத்தரைச் சொல்லுங்க. உள்ள இருக்கிற எல்லாத்தையும் தொறந்து காட்டச் சொல்றேன்."

"எஸ்மத் பாக்கட்டும்" என்று கௌகப் கத்தினாள்.

ஹாஜியார் புன்னகைத்தார். அந்தப் புன்னகைக்குக் காரணம் இருந்தது. எஸ்மத் யதுல்லாவின் சொந்த அக்கா.

எஸ்மத் கெர்மானில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவள். கல்யாணமாகிச் சீக்கிரமே பிரிந்து வந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. அப்பா இறந்தபோது யதுல்லா பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவனைப் படிக்கவைத்ததும், பெட்டியில் வேலைக்கு ஹாஜியாரிடம் சொல்லிச் சேர்த்ததும் அவள்தான். இப்போது ஒரே முற்றத்தின் இந்தப் பக்கம் அவளுக்கு இரண்டு அறை, அந்தப் பக்கம் தம்பி குடும்பம். அடுப்பு ஒன்றுதான். தம்பி மனைவி சுதாபே சமைப்பாள், எஸ்மத் சந்தைக்குப் போய் வருவாள். தம்பிக்கு எதிராக அக்கா என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று ஹாஜியார் நினைத்தார். யதுல்லாவும் அப்படித்தான் நினைத்தான்.

அவள் பெட்டிக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தாள். கணக்கில் ஒரு பூஜ்யம்கூடத் தப்பில்லை. தம்பியின் கையெழுத்து பள்ளிப் பிள்ளையினுடையதுபோல வரிசையாக இருந்தது. திருட்டு இல்லை, அடித்தல் திருத்தல் இல்லை. கடன் வாங்கியவர்கள் எல்லாரும் வருடம் தவறாமல் கட்டியிருந்தார்கள். அதுதான் அவளுக்கு உறுத்தியது. மூன்று வருடமாக விளைச்சல் இல்லை என்று ஊர் முழுக்கப் புலம்புகிறது, இங்கே ஒருவன்கூடத் தவணை தவறவில்லை.

கௌகப் வாசலில் காத்திருந்தாள். "என்ன எஸ்மத், பெட்டிக்கு உடம்பு எப்படி?"

"காகிதத்துல நல்லாத்தான் இருக்கு. ஈடு கொடுத்த தோட்டமெல்லாம் எப்படி இருக்குன்னு பாக்கணும். வர்றியா? உனக்குத்தான் எல்லார் தோட்டமும் தெரியும்."

எஸ்மத்திடம் பழைய பேக்கான் கார் ஒன்று இருந்தது. காலையில் ரொட்டியும் வெள்ளரிக்காயும் ஒரு குப்பி மோரும் எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். கோடை உச்சமான மொர்தாத் மாத வெயில். காற்று அடித்தால் மண் கண்ணாடியில் சரளைபோல மோதியது. ஊரை விட்டுக் கிழக்கே போகப்போக நிலம் வெளுத்துக்கொண்டே வந்தது. வரப்பெல்லாம் உப்புப் பொருக்கு. பிஸ்தா மரங்களின் இலை ஓரங்கள் நெருப்பில் காட்டியதுபோலக் கருகியிருந்தன. சில தோட்டங்களில் இலையே இல்லை.

குர்பான் என்பவர் காய்ந்த வாய்க்காலில் உட்கார்ந்து பீடி மாதிரி எதையோ சுருட்டிக்கொண்டிருந்தார்.

"குர்பான் அண்ணே, பெட்டில கடன் இருக்குல்ல உங்களுக்கு?" என்று எஸ்மத் கேட்டாள்.

"இருக்கே."

"போன வருஷம் அடைச்சிட்டதா இருக்கு."

"அடைச்சேனே!"

"எதை வித்து அடைச்சீங்க? மரத்துல ஒரு காய்கூட இல்லையே."

"விக்கிறதா? நல்லா கேட்ட போ. உன் தம்பி கூப்பிட்டான். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, புதுக் கடன் தர்றேன்னான். போட்டேன். அந்தப் பக்கம் இன்னொண்ணு போடுங்க, பழைய கடன் அடைஞ்சிருச்சுன்னான். அதையும் போட்டேன். காசைக் கண்ணால பாக்கல. ஆனா தேநீர் நல்லா இருந்துச்சு."

கௌகப் சிரித்துவிட்டாள். எஸ்மத் சிரிக்கவில்லை. அவளுக்குக் காது மடல் சூடாகிக்கொண்டு வந்தது. போன தோட்டத்தில் எல்லாம் இதே கதைதான். காகிதத்தில் வருடா வருடம் பிழைத்தெழுந்த கடன்கள் நிலத்தில் எப்போதோ செத்துப்போயிருந்தன. செத்த கடனுக்குப் புதுச் சட்டை மாட்டி ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தான் அவள் தம்பி.

அடுத்தது கௌகப்பின் தோட்டம். சின்னத் துண்டு. அவள் மாமனார் வைத்த மரங்கள். கௌகப் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"இதைப் பாக்கவேண்டாம், விடு."

"பாக்கணும், கௌகப். உன் புருஷன் பேர்லயும் கடன் இருக்கு."

"தெரியும். நாந்தான் வாங்கச் சொன்னேன். கிணத்தை ஆழமாக்குனா தண்ணி வரும்னாங்க. வந்துச்சு. வாயில வெச்சா கடல் தண்ணி."

எஸ்மத் இறங்கிப் போய் ஒரு கிளையை ஒடித்தாள். உள்ளே பச்சை இல்லை. பென்சிலை எடுத்தாள்.

"எழுதுறியா?" கௌகப்பின் குரல் உடைந்து கிறீச்சிட்டது. "என் தோட்டத்தையும் செத்துப்போச்சுன்னு எழுதுறியா? உன்னை நான் கூட்டிட்டு வந்தது இதுக்கா?"

"எழுதாம? மத்தவன் தோட்டத்தை எழுதிட்டு உன்னுதை மட்டும் விட்டா நான் யாரு? யதுல்லாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

"நாசமாப் போங்க, அக்காளும் தம்பியும்." கௌகப் முகத்தை முக்காட்டில் புதைத்துக்கொண்டாள். எஸ்மத் எழுதி முடித்து வந்து வண்டியில் உட்கார்ந்தாள். மோர்க் குப்பியை நீட்டினாள். கௌகப் வெகுநேரம் கழித்து வாங்கிக் குடித்தாள்.

மேட்டில் ஏறியதும் பச்சை தெரிந்தது. கண்ணை உறுத்துகிற பச்சை. ஹாஜி சலாரியின் தோட்டம். காய்க்கொத்துகள் சிவந்து தொங்கின. வாய்க்காலில் கணுக்காலளவு தண்ணீர் ஓடியது. எஸ்மத் குனிந்து அள்ளி வாயில் வைத்தாள். இனித்தது.

"இவருக்கு மட்டும் எப்படி?"

கௌகப் கையை நீட்டிக் காட்டினாள். செங்கல் அறை ஒன்று. உள்ளே மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. "புதுக் கிணறு. வடக்கேயிருந்து எந்திரம் கொண்டாந்து ராத்திரி பகலாத் தோண்டுனாங்க. பழைய கிணத்தை மாதிரி மூணு மடங்கு ஆழம்னு எந்திரக்காரனே சொன்னான். அந்த வருஷக் கோடையிலதான் எங்க கிணறு மொதல்ல எறங்குச்சு. அப்புறம் குர்பானுது. அப்புறம் வரிசையா எல்லாருதும்."

"எந்த வருஷம்?"

கௌகப் சொன்னாள். எஸ்மத் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வருடம் பெட்டி கொடுத்த பெரிய கடன் அவள் கண்முன் நின்றது. தோட்ட மேம்பாட்டுக்காக என்று ஹாஜியார் பேரிலும் அவருடைய மகன்கள் பேரிலும் போன பணம். ஈடு இல்லை, கையெழுத்து மட்டும். அதுவும் வருடா வருடம் புதுச்சட்டை மாட்டிக்கொண்டிருந்தது.

"என்னடி ஆச்சு? வெயிலா?"

"கௌகப், இந்தக் கிணறு நம்ம காசு. உன் கூலிக்காசு, நிகார் காசு. நம்ம காசை வாங்கி நம்ம தண்ணியை உறிஞ்சியிருக்காரு. தண்ணி போனதால தோட்டம் செத்துது, தோட்டம் செத்ததால கடன் வரல, கடன் வராததால உன் பொண்ணுக்கு ஃபிரிட்ஜ் இல்ல."

கௌகப் எழுந்துபோய் அந்தச் செங்கல் சுவரைக் காலால் உதைத்தாள். செருப்பு பிய்ந்தது. மறுபடியும் உதைத்தாள்.

எஸ்மத் வீட்டுக்கு வந்தபோது சுதாபே கத்திரிக்காய் வதக்கி, கஷ்க் என்கிற புளித்த தயிரை ஊற்றி வைத்திருந்தாள். முற்றத்து விரிப்பில் யதுல்லா உட்கார்ந்திருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே ரொட்டியைக் கீழே வைத்தான்.

"எல்லாம் பாத்தாச்சாக்கா?"

"பாத்தாச்சு. பத்துக் கடன்ல எட்டு வராது. வர்ற ரெண்டும் சில்லறை."

"அப்படிச் சொல்லாத. ஒரு நல்ல மழை பேஞ்சா..."

"மழை பேஞ்சா செத்த மரம் எழும்புமா? யாருகிட்டடா பேசுற? எத்தனை வருஷமா இந்தச் சோடனை பண்ணிட்டு இருக்க?"

"சோடனையா? ஊரைக் காப்பாத்துனேன்! கடன் வராதுன்னு அன்னைக்கே எழுதியிருந்தா அத்தனை பேர் தோட்டமும் ஏலத்துக்குப் போயிருக்கும். குர்பான் அண்ணன் தெருவுல நிப்பாரு. நான் அவங்களுக்காகத்தான் செஞ்சேன்."

"ஹாஜியார் கடனையும் குர்பானுக்காகத்தான் புதுப்பிச்சியா?"

சுதாபே கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"கிணத்துக்குன்னு தெரிஞ்சுதான் கொடுத்தியா?" என்றாள் எஸ்மத்.

"தலைவர் கேக்குறாரு. எப்படி இல்லங்கிறது? அவர் போட்ட பணத்துலதான பெட்டியே தொடங்குச்சு."

"அவர் போட்ட பணம் இப்ப எங்க? அதை ஏன் சொல்லமாட்டேங்கிற? வசந்தத்துல மொத்தத்தையும் எடுத்துட்டாருல்ல? பெட்டி முழுகப் போகுதுன்னு அவருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? நீ சொல்லித்தான?"

"அக்கா, காலைப் பிடிக்கிறேன். நாளான்னிக்கு ஊர்க் கூட்டத்துல நல்லாருக்குன்னு மட்டும் சொல்லு. அறுவடை வந்துட்டா ஹாஜியார் கட்டிருவாரு. எனக்கு வாக்குக் கொடுத்திருக்காரு."

"ஆமா, அவர் வாக்கு. அவர் கட்டலேன்னா அந்தப் பொம்பளைங்க பிஸ்தா ஓடு பொறுக்கித் திங்கட்டும், அப்படித்தான?"

சுதாபே கரண்டியைத் தரையில் எறிந்தாள். "போதும் மதினி! நீங்க பெட்டியைச் சோதிக்கலே, எங்க வாழ்க்கையைச் சோதிக்கிறீங்க. உண்மையைச் சொல்லுவீங்க, சரி. நாளைக்கு ஊரு இந்த முற்றத்துல ஏறி என் புள்ளைங்களை இழுத்துப்போட்டு அடிக்கும். அப்போ உங்க உண்மை வந்து தடுக்குமா?"

அந்தக் கேள்வி எஸ்மத்தின் கோபத்தை இன்னும் கிளறியது. தட்டைத் தொடாமல் எழுந்து தன் அறைக்குப் போனாள். மறுநாள் காலையிலிருந்து அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது.

கூட்டம், முஹர்ரம் துக்கத்துக்கு ஊர் கூடுகிற ஹுசைனியா மண்டபத்தில் நடந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் திரைக்குப் பின்னால். ஹாஜியார் முதலில் பேசினார். "பெட்டி மலை மாதிரி நிக்குது. நான் சொன்னா நம்பமாட்டீங்க. நீங்க தேர்ந்தெடுத்த தங்கச்சியே சொல்லட்டும்" என்றார்.

எஸ்மத் திரையைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மலை இல்லை. பொக்குப் பிஸ்தா. வெளியே ஓடு இருக்கு, உள்ளே பருப்பு இல்ல" என்றாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். எத்தனை கடன் வராது, ஏன் வராது, அது எப்படி வருவதாகக் காட்டப்பட்டது, செய்தது தன் தம்பி. கடைசியில் கிணற்றைச் சொன்னாள். சொல்லும்போது அவள் ஹாஜியாரையே பார்த்தாள். யதுல்லா கடைசி வரிசையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

மண்டபம் கொதித்தது. ஹாஜியார் கையை உயர்த்தினார். அப்போதும் குரல் உயரவில்லை.

"தங்கச்சி, நான் வாங்கலேன்னு சொன்னேனா? கட்டமாட்டேன்னு சொன்னேனா? கிணறு என் நிலத்துல இருக்கு. பூமிக்கு அடியில ஓடுற தண்ணிக்கு எவன் பேரு எழுதியிருக்கு? உனக்குச் சந்தேகம் இருந்தா வழக்குப் போடு."

"வழக்கு முடியறதுக்குள்ள நாங்க மண்ணுக்குள்ள போயிருவோம்" என்று நிகார் திரைக்குப் பின்னாலிருந்து கத்தினாள்.

"அதுக்கு நான் என்னம்மா பண்ணட்டும்?" என்றார் ஹாஜியார். ஆட்கள் சூழ, நிதானமாக வெளியே நடந்துபோனார்.

அவர் போன பிறகு கோபம் எஸ்மத்தின் பக்கம் திரும்பியது. "நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா கொஞ்சம் கொஞ்சமா எடுத்திருப்போம்" என்றான் ஒருவன். "இப்ப அவனவன் கடனைக் கட்டவே மாட்டான், போ!" இன்னொருவன் அவள் காலில் துப்பினான். அவள் துடைத்துக்கொள்ளவில்லை. முதல் ஆள் சொன்னதில் பாதி உண்மை இருந்ததும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

கௌகப்தான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நின்னு திட்டு வாங்குனது போதும். காய் பருப்புக் கட்டுற நேரம் இது. இப்போ அந்த மோட்டார் நின்னா அவர் தோட்டத்துல மொத்தமும் பொக்காப் போகும். வா."

மறுநாள் விடிந்தபோது ஹாஜியாரின் பம்பு அறை வாசலில் கொட்டகைப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாக்கு விரித்து, தேநீர்ப் பாத்திரம் வைத்து, குறடுகளும் பிஸ்தா மூட்டைகளும்கூடக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு நாள் கூலியை ஏன் விடவேண்டும்? எஸ்மத் உள்ளே போய் மின்விசையை இறக்கினாள். மோட்டார் முனகி நின்றது. வாய்க்காலில் தண்ணீர் மெலிந்து, நூலாகி, மண்ணில் மறைந்தது.

மத்தியானம் காவல் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். "எந்திரிங்க. அடுத்தவங்க சொத்து இது."

"எழுப்புங்க பாப்போம்" என்றாள் நிகார். "தொட்டு எழுப்புங்க. உங்கம்மா வயசு எனக்கு."

"கேஸ் எழுதவேண்டியிருக்கும்."

"எழுதுங்க சார்" என்று எஸ்மத் முன்னால் வந்தாள். "தாராளமா எழுதுங்க. எந்தக் கிணறு, எவ்வளவு ஆழம்னும் எழுதுங்க. அனுமதி பழைய கிணத்தோட ஆழத்துக்குத்தான்னு அவர் கடன் காகிதத்துலயே இருக்கு. நீர்த்துறைக்காரங்க வந்து குழாயை இறக்கி அளந்து பாத்து சீல் வைக்கட்டும். நாங்க எந்திரிச்சுப் போயிடுறோம்."

அதிகாரி தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். ஓரமாகப் போய் ஹாஜியாருக்குப் போன் செய்தார். திரும்பி வந்து, "உங்களுக்குள்ள பேசித் தீத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். பெண்கள் குறட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

வெயில் நாள்கள் போயின. ஹாஜியாரின் மரங்களில் இலைகள் வாடித் தொங்கின. ஒரு மாலை அவரே வந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் குந்தி அமர்ந்து, கௌகப்பைப் பார்த்துப் பேசினார்.

"மகளுக்குக் கல்யாணம்னு கேள்விப்பட்டேன். இங்க உக்காந்திருக்கிறவங்க எல்லாருக்கும் பெட்டில எவ்வளவு இருக்கோ நான் கையிலேயே தர்றேன். நாளைக்குக் காலையில. மத்த ஊர்க்காரங்க கணக்கு அப்புறம் பாத்துக்கலாம். வீட்டுக்குப் போங்கம்மா."

அவருக்கு அது சின்னத் தொகை. அவர்களுக்கு அதுதான் எல்லாமும். நிகார் எஸ்மத்தைப் பார்த்தாள். எஸ்மத் கீழே கிடந்த ஓடுகளைக் கூட்டி ஒதுக்கினாள். வாங்காதே என்று சொல்ல அவளுக்கு என்ன உரிமை? அவளுக்கு ஓய்வூதியம் வருகிறது. சில பெண்கள் சாக்கைச் சுருட்டத் தொடங்கினார்கள். கௌகப்பும் எழுந்து நின்றாள்.

அப்போதுதான் யதுல்லா வந்தான். கூட்டம் முடிந்ததிலிருந்து வீட்டை விட்டு வெளியே வராதவன், அலுவலகக் கோட்டைப் போட்டுக்கொண்டு புழுதியில் நடந்து வந்தான்.

"வீட்டுக்குப் போ, யதுல்லா" என்றார் ஹாஜியார்.

அவன் அவரைப் பார்க்கவில்லை. கௌகப்பின் முன்னால் போய் நின்றான்.

"கௌகப் அக்கா, நீங்க மொத மொத பணம் கேட்டு வந்த அன்னைக்குப் பெட்டி நெறையப் பணம் இருந்துச்சு. உங்களுக்கு அடுத்த வாரம்னு சொல்லிட்டு, பின் கதவு வழியா ஹாஜியாருக்கு மூட்டை கட்டினேன். அவரோட பணம் மொத்தமும். நான்தான் வண்டியில ஏத்திவிட்டேன். நீங்க அப்போ தேநீர் குடிச்சிட்டு இருந்தீங்க."

கௌகப் பக்கத்தில் இருந்த தேநீர்ப் பாத்திரத்தை எடுத்து அவன்மேல் வீசினாள். அடுப்பிலிருந்து இறக்கி நேரமாகியிருந்ததால் பிழைத்தான். கோட்டெல்லாம் தேநீர் வழிய நின்றான். நிகார் செருப்பால் அடித்தாள். இன்னொருத்தி அவன் முடியைப் பிடித்தாள். அவன் கையைக்கூட உயர்த்தவில்லை. எஸ்மத்தும் தடுக்கவில்லை.

அடித்து ஓய்ந்தபின் கௌகப் மூச்சு வாங்கத் திரும்பினாள். ஹாஜியாரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என் பணத்தை எனக்கே பிச்சை போட வந்தியா? கடைசி ஆளுக்குக் கொடுத்துட்டு எனக்குக் கொடு." சாக்கை உதறி மறுபடியும் விரித்தாள். எழுந்த பெண்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அன்று அவரை யாரும் ஹாஜியார் என்று கூப்பிடவில்லை.

அவர் இறங்கி வந்தார். மனம் மாறியதால் அல்ல, காய் மாறிக்கொண்டிருந்ததால். கையால் நசுக்கினால் பாதிக்குப் பாதி பொக்கு. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதிக்கொடுத்தார்: கடன் அடையும்வரை கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சும் முறைகளில் பாதி பெட்டிக்கு. அதைச் சிறு தோட்டக்காரர்களுக்கு விற்று வருகிற பணம், போட்டவர்களுக்கு, சின்னத் தொகைக்காரர்களிலிருந்து தொடங்கி. எஸ்மத் இன்னொன்றும் சேர்க்கச் சொன்னாள். கிணறு தோண்டிய பிறகு காய்ந்த தோட்டங்களின் கடன் எல்லாம் அந்தக் கிணற்றின் தலையில். அதைக் கேட்டபோதுதான் ஹாஜியார் முதன்முதலாகக் கத்தினார். மசூதிவரை கேட்டது. கத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்லமுடியாது. பணம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, முழுதும் இன்னும் வரவில்லை. விலைவாசி ஏறியதில் வந்ததற்கும் பாதி மதிப்புத்தான். கௌகப்பின் மகள் ஃபிரிட்ஜ் இல்லாமல் மாமியார் வீடு போய், அதற்கான பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஜன்னலுக்குப் பின்னால் இப்போது எஸ்மத் உட்காருகிறாள், தேநீர் கொடுப்பதில்லை. சுதாபே பிள்ளைகளோடு தாய்வீடு போனவள் திரும்பவில்லை. யதுல்லாவுக்கு ஊரில் யாரும் வேலை கொடுக்கவில்லை. குளிர்காலம் தொடங்கியதும் கௌகப் தன் செத்த தோட்டத்தைப் பிடுங்க ஆள் தேடினாள். அவனைத்தான் கூப்பிட்டாள். "கூலி கொடுப்பேன். ரொட்டி கொடுக்கமாட்டேன்" என்றாள். அவன் கடப்பாரையோடு வந்து வேரோடு ஒவ்வொரு மரமாகச் சாய்த்தான்.

எஸ்மத் ஒருநாள் அந்த வழியாக வந்தவள் வண்டியை நிறுத்தினாள். தம்பியின் உள்ளங்கை கிழிந்து துணி சுற்றியிருந்தது. அவன் அக்காவைப் பார்த்தான், மறுபடி கடப்பாரையை ஓங்கினான். அவள் இறங்கி, விறகு அடுக்கிக்கொண்டிருந்த கௌகப்பின் பக்கம் போனாள்.

அப்போது ஒரு லாரி வந்து வரப்போரம் நின்றது. முஹர்ரம் சோற்றுக்கு விறகு வேண்டும், ஹாஜி சலாரி அனுப்பினார், சந்தை விலையைப்போல இரண்டு மடங்கு தரச்சொன்னார் என்றான் ஓட்டுநர். பிஸ்தா விறகு நின்று எரியும். வாங்க வேறு ஆளும் வரவில்லை. யதுல்லா கடப்பாரையை ஊன்றி நின்றான். எஸ்மத் கௌகப்பின் முகத்தைப் பார்த்தாள்.

கௌகப் அடுக்கியிருந்த விறகின்மேல் கையை வைத்தாள்.

"காசு வேண்டாம். மொத்தத்தையும் சும்மா ஏத்திக்கோ" என்றாள். "ஆனா ஒண்ணு. இது எரியும்போது அந்த ஆளை அடுப்புப் பக்கத்துலயே நிக்கச் சொல்லு. கடைசிக் கட்டை எரிஞ்சு முடியிறவரைக்கும் நிக்கணும். நிப்பாரான்னு கேட்டுட்டு வா. அப்புறம் ஏத்து."

ஓட்டுநர் போனைக் கையில் எடுத்தான். எண்ணைப் பார்த்தான். பிறகு போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வெற்று லாரியைத் திருப்பினான்.